பேய்நெல்லுக்கு ஒரு கையெழுத்து

பாவ் சென் கிராமம், தாம் நோங்
6 அக்டோபர் 2003

நாலாம் அண்ணனுக்கு,

ஏழாவள் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எல்லோரும் இருக்கிறோம். தண்ணீர் மூன்றாம் படியில் நிற்கிறது. இந்த வருஷம் வெள்ளம் சாது.

வருஷா வருஷம் நீங்கள் போடும் புத்தாண்டுக் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் போடவில்லை. இப்போது எழுதுவதும் ஒரு காரியமாகத்தான்.

அம்மா சமாதிக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் ஒரு புல் நிற்கிறது. பார்த்தால் நெல் மாதிரி இருக்கும். வெள்ளம் ஏற ஏற அதுவும் ஏறும். பக்கத்து வயல்காரர் ஹோய், இது களைநெல், இதன் விதை மிதந்து வந்து தன் வயலைக் கெடுக்கிறது, தன் நெல்லை வியாபாரி விலை குறைத்து எடுக்கிறான் என்று ஊராட்சியில் எழுதிக் கொடுத்துவிட்டார். போன வாரம் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி கியெட் படகில் வந்தான். படகை விட்டு இறங்கவேயில்லை.

"ஏழாம் அத்தை, இது களைநெல்லுதான். பாத்தாலே தெரியுது."

"எதைப் பாத்துத் தெரியுது?"

"நெல்லு மாதிரி இருக்கு, யாரும் நடல. அப்போ களைதானே?"

"உன்னையும்தான் இங்க யாரும் நடல," என்றேன். சிரித்தான். ஆனால் நோட்டீஸைக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

நவம்பர் முப்பதுக்குள் பள்ளத்துக்கு மருந்தடித்து, வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிடுவார்களாம். வாய்க்கால் அம்மாவின் காலடியை ஒட்டிப் போகும். இது களைநெல் இல்லை, இந்த மண்ணின் பழைய புல் என்று தாவரம் படித்த ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். பக்கத்துப் பறவைச் சரணாலயத்துக்காரர்களும் அதைக் குறித்து வைத்துக்கொள்வார்களாம்.

புல் படித்தவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். அதனால் எழுதினேன்.

ஏழாவள் சுயென்


கன் தோ
13 அக்டோபர் 2003

அன்புள்ள ஏழாம் தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. மூன்று முறை படித்தேன். தண்ணீர் மூன்றாம் படியில் என்று படித்ததும் மனசு கொஞ்சம் ஆறியது. இங்கே எனக்குக் குறையொன்றுமில்லை. கல்லூரிக்குப் பின்னால் அதே அறைதான். இடது காது முற்றிலும் கேட்பதில்லை. முழங்கால் படிகளை விரும்புவதில்லை.

காரியத்துக்கு வருகிறேன். நீ எழுதியதை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது. அது பேய்நெல்லாக, நம் பள்ளங்களில் தானாக நிற்கும் காட்டு நெல்லாக, இருக்கலாம். களைநெல்லாகவும் இருக்கலாம். இரண்டும் அக்காள் தங்கை போல. தூரத்தில் பார்த்துச் சொல்பவர்கள் இரண்டு பக்கமும் தவறியிருக்கிறார்கள். அதிகாரி கியெட்டை நான் குறை சொல்ல மாட்டேன்.

முதலில் ஒன்று தெரிய வேண்டும். இலை தண்டோடு சேரும் இடத்தில் உட்புறமாக வெள்ளைச் சவ்வு ஒன்று நாக்கு மாதிரி நிற்கும். அது உன் கட்டைவிரல் நகத்தைவிட நீளமா, குட்டையா? குட்டையென்றால் இது நெல் இனமே இல்லை. சண்டை அதோடு முடிந்தது. நீளமென்றால் மேலே பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் கிடக்கும் தண்டில் கணுவுக்குக் கணு வேர் விடுகிறதா? தண்ணீர் வடிந்த பிறகு தூர் செத்துப் போகிறதா, இருக்கிறதா? நெல்லின் முனையில் மீசை உண்டா, எவ்வளவு நீளம்? முற்றிய மணி தொட்டால் உதிர்கிறதா, தொடாமலே உதிர்கிறதா?

மாதிரியும் வேண்டும். செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே பலகையும் கல்லும் ஏற்றி, தினமும் தாளை மாற்றி உலர்த்தி அனுப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் கடைசியாகக் கையெழுத்துப் போட்டு ஒரு செடிக்குப் பெயர் சொல்லி ஒன்பது வருஷமாகிறது. இப்போது கண் முன்போல் இல்லை. இங்கே இளைய ஆசிரியர்கள் இருக்கிறார்கள், என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்களில் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கட்டுமா? உனக்கு எது நல்லதோ அதுவே.

உன் நாலாம் அண்ணன்
லாம்


பாவ் சென்
21 அக்டோபர் 2003

நாலாம் அண்ணனுக்கு,

பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னிடம் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

நாக்கு நீளம்தான். என் கட்டைவிரல் நகத்தைப் போல இரண்டு மடங்கு; நுனி கூராக இருக்கிறது, சிலதில் இரண்டாகக் கிழிந்திருக்கிறது. கணுவில் வேர் விடுகிறது, தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மீசை என் உள்ளங்கையைத் தாண்டும். மணி இன்னும் முற்றவில்லை. இப்போதுதான் கதிர் வெளியே வருகிறது.

தூர் சாகிறதா என்று கேட்டீர்கள். அது சாகாது. தண்ணீர் வடிந்ததும் நான் அறுத்து எருமைக்குப் போடுவேன். மழை வந்தால் அதே தூரிலிருந்து மறுபடி வரும். இருபத்து நாலு வருஷமாக அதேதான். எருமை மூன்று மாறியாகிவிட்டது, புல் மாறவில்லை.

இளைய ஆசிரியர் யாரும் வேண்டாம். எனக்குத் தெரியாத ஒருவர் எழுதினால் ஹோய் சும்மா இருக்க மாட்டார். இப்போதே படித்துறையில் நின்று கத்துகிறார்.

"என்ன ஏழாவளே, உங்கண்ணன் எழுதினா புல்லு தங்கமாயிடுமா?"

"தங்கமாகாது. நீங்க வாயை மூடுவீங்க, அது போதும்."

"உங்கண்ணனைப் பத்தி நீயே என்னவெல்லாம் சொல்லியிருக்கே! இப்போ அவர் பேச்சுக்கு இத்தனை மதிப்பா?"

படகைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் நெல்லுக்கு விலை குறைந்தது நிஜம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பொய்க்காரர் இல்லை.

மாதிரி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

சுயென்


கன் தோ
29 அக்டோபர் 2003

அன்புள்ள ஏழாம் தங்கைக்கு,

பொட்டலம் வந்தது. சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாவிட்டால் நேரம் வீணாகும். அரிவாளால் மேலாக அறுத்து அனுப்பியிருக்கிறாய். தூரும் கணுவும் இல்லை. தாளை மாற்றாததால் பாதி பூசணம் பிடித்துவிட்டது. தபாலில் நாலு நாள் கிடந்திருக்கிறது. அது உன் தவறல்ல. நான்தான் முதல் கடிதத்தில் 'வேரோடு' என்று எழுத மறந்துவிட்டேன். நகலை எடுத்துப் பார்த்தேன், அந்தச் சொல் இல்லை.

நீ எழுதியவை எல்லாம் பேய்நெல்லின் பக்கம் சாய்கின்றன. கணுவில் வேர், நீண்ட மீசை, சாகாத தூர். களைநெல் ஒரு பருவத்தோடு செத்துவிடும். விதையில்தான் மறுபடி வரும். ஆனால் 'சாய்கின்றன' என்பதன் கீழ் ஒருவன் கையெழுத்துப் போட முடியாது.

தீர்த்துச் சொல்வது பூதான். நெல்லின் பூ காலை ஒன்பது மணி வாக்கில் திறந்து ஒரு மணி நேரத்தில் மூடிவிடும். திறக்கும்போது உள்ளேயிருந்து ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். வயல்நெல்லிலும் களைநெல்லிலும் அவை குட்டையானவை, இரண்டு மில்லிமீட்டர், அதிகம் போனால் இரண்டரை. பேய்நெல்லில் ஐந்து இருக்கும், சிலவற்றில் ஆறுகூட. உலர்ந்ததைக்கூட வெந்நீரில் ஊறவைத்து லென்ஸுக்குக் கீழே அளக்கலாம். அது என்னால் முடியும். அதற்கு மட்டும் என் கண் போதும்.

பள்ளத்தின் நாலு பக்கத்திலிருந்தும் நடுவிலிருந்தும் பன்னிரண்டு தூர் எடு. ஒவ்வொன்றுக்கும் குச்சி நட்டு, எண் எழுதிக் கட்டு. ஒரே இடத்தில் எடுத்தால் ஹோய் நாளைக்கு 'நல்லதா பாத்துப் பொறுக்கி அனுப்பிட்டா' என்பார். அவர் சொல்வது நியாயமாகவும் இருக்கும்.

கையெழுத்துப் போடுவது எனக்கு ஏன் கடினம் என்று உனக்குத் தெரியும். அதைப் பற்றி நாம் பேசியதில்லை. இப்போதும் பேச வேண்டியதில்லை என்றால் விட்டுவிடுவோம்.

அண்ணன்
லாம்


பாவ் சென்
8 நவம்பர் 2003

நாலாம் அண்ணனுக்கு,

பன்னிரண்டு தூர், வேரோடு, கணுவோடு, எண்ணோடு. தாள் தினம் இரண்டு முறை மாற்றினேன். வீட்டில் இருந்த செய்தித்தாள் தீர்ந்துபோய் ஹோய் வீட்டிலேயே போய்க் கேட்டு வாங்கினேன். எதற்கென்று தெரிந்தும் கொடுத்தார். "உன் புல்லு என் பேப்பரைப் படிச்சாவது திருந்தட்டும்," என்றார். காலை ஒன்பது மணிக்குப் பூ திறப்பதைப் படகில் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே ஆறு பையும் தொங்கியது. அறுபத்தாறு வயசில் முதல் தடவை பார்க்கிறேன்.

பேச வேண்டாமென்றால் விட்டுவிடுவோம் என்று எழுதினீர்கள். நான் விட்டுவிடவில்லை. இருபத்து நாலு வருஷமாக விடவில்லை, இப்போது எதற்கு விட வேண்டும்?

அந்தப் புல் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவேயில்லை. எல்லாக் கேள்வியும் கேட்டீர்கள், அதை மட்டும் கேட்கவில்லை. சொல்கிறேன்.

அம்மா இறந்த வருஷம், எழுபத்தெட்டில், தண்ணீர் வடிந்திருந்தபோது டிராக்டர் வந்து பள்ளத்தை உழுதுவிட்டது. பேய்நெல் ஒரு தூர்கூட மிச்சமில்லை. அப்புறம் அந்தப் பெரிய வெள்ளம் வந்தது. வயலில் போட்டிருந்த அம்மாவின் நெல் முழுவதும் போயிற்று. வெள்ளத்தோடு வளருகிற நெல்தான், ஆனால் அந்த வெள்ளம் அதைவிட வேகமாக வளர்ந்தது. விதைக்கு ஒரு மணி இல்லை. அம்மா உங்களிடம் கொடுத்து வைத்திருந்த அவள் நெல் மூட்டை ஞாபகம் வந்தது. 'லுவா மா பத்திரம்', அம்மாவின் நெல் பத்திரம், என்று தந்தி கொடுத்தேன். தபால் ஆபீஸில் எழுத்துக்கு மேல் போடும் குறிகள் எதுவும் போட மாட்டோம் என்றார்கள். போடாவிட்டால் என்ன, அண்ணனுக்கா புரியாது என்று நினைத்தேன்.

மறு வருஷம் மூன்றாம் மாதம், அம்மாவின் முதல் வருஷத் திதிக்கு முன்னால், விதைப்புக்கு நெல் வாங்கிப் போக இரண்டு படகு மாறி உங்களிடம் வந்தேன். நீங்கள் பேய்நெல் மூட்டையை எடுத்து வந்து வைத்தீர்கள். அம்மா உங்கள் கல்லூரிக்கென்று படகில் போய்க் குச்சியால் தட்டிச் சேர்த்துக் கொடுத்த புல்விதை. அம்மாவின் நெல்லைக் கல்லூரிச் சமையற்கூடத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். குறி இல்லையே, 'மா' என்பதைப் பேய் என்று படித்துவிட்டேன், அம்மா என்று படிக்கத் தோன்றவில்லை என்றீர்கள்.

"நீங்க அம்மாவைச் சாப்பிட்டுட்டீங்க. பேயைப் பத்திரமா வச்சிருக்கீங்க," என்றேன். அதற்கப்புறம் நான் உங்களோடு பேசவில்லை.

அந்த மூட்டையைப் பாதி வழியில் ஆற்றில் போடத்தான் நினைத்தேன். போடவில்லை. அம்மா தட்டிச் சேர்த்தது இல்லையா. வீட்டுக்குக் கொண்டுவந்து பள்ளத்தில் கொட்டினேன். விதைக்கவில்லை, கொட்டினேன். அதுதான் வந்து நிற்கிறது.

இப்போது நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் அது என்னவென்று.

சுயென்


கன் தோ
17 நவம்பர் 2003

அன்புள்ள ஏழாம் தங்கைக்கு,

பொட்டலம் நல்ல நிலையில் வந்தது. என் மாணவர்கள்கூட இவ்வளவு சுத்தமாக உலர்த்தியதில்லை. நாலு நாள் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு தூரிலும் பத்துப் பூ அளந்தேன். சந்தேகம் வந்ததை மறுநாள் காலையில் முதல் நாள் குறிப்பைப் பார்க்காமல் திரும்ப அளந்தேன்.

ஒன்பது தூர் பேய்நெல். மகரந்தப் பை நாலே முக்காலிலிருந்து ஆறு வரை. கணு, வேர், நாக்கு, மீசை எல்லாம் பொருந்துகின்றன. இதில் எனக்கு ஐயமில்லை. இந்தச் சொல்லை நான் அடிக்கடி எழுதுபவன் அல்ல.

நாலு, ஏழு, பதினொன்று, இந்த மூன்றும் அப்படியில்லை. பை மூன்று மில்லிமீட்டர்தான். மீசை பாதிக்கும் குறைவு. நாக்கின் ஓரத்தில் ஊதாக் கோடு ஓடுகிறது. அவையும் பல வருஷத் தூர்கள்தான். ஆனால் வயல்நெல்லின் ரத்தம் அவற்றில் கலந்திருக்கிறது.

அந்த ஊதாவைப் பார்த்ததும் எழுந்து போய்ப் பழைய குறிப்பேட்டைத் தேடினேன். எழுபத்தெட்டு ஜனவரியில் அம்மா நெல் மூட்டையைக் கொடுத்தபோது நான் எழுதிய சீட்டின் நகல் இருக்கிறது. 'வெள்ள நெல், அம்மாவுடையது, நாக்கின் ஓரம் ஊதா.' அம்மாவின் வயலும் பள்ளமும் அடுத்தடுத்து இருந்தவை. இரண்டும் ஒரே மாதத்தில் பூப்பவை. அம்மா பள்ளத்தில் தட்டிச் சேர்த்த விதையிலேயே அவள் நெல்லின் மகரந்தம் கலந்திருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும். காட்டில் நிற்கும் பேய்நெல்லிலும் சில இடங்களில் ஊதா வருவதுண்டு. நூற்றுக்கு அறுபது என்று வைத்துக்கொள்.

இங்கேதான் சிக்கல். களைநெல் என்பதே பெரும்பாலும் இப்படிக் கலந்து பிறப்பதுதான். இந்த மூன்றை நான் எழுதினால், கியெட் முழுப் பள்ளத்துக்கும் மருந்தடிக்கக் காரணம் கிடைத்துவிடும். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒன்பதைப் பற்றி மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதில் ஒரு வரிகூடப் பொய்யாக இருக்காது. இரண்டு நாள் இதை யோசித்தேன். உனக்கு நல்லது செய்வதாகவும் இருக்கும், எனக்கும் சுலபம். சுலபமாக இருக்கிறதே என்பதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஏனென்று சொல்ல வேண்டும்.

நான் அந்தத் தந்தியைத் தவறாகப் படிக்கவில்லை, சுயென்.

தந்தி வந்த அன்றே எனக்கு இரண்டு அர்த்தமும் தோன்றின. மேலே ஒரு சாய்கோடு இருந்தால் அம்மா, இல்லாவிட்டால் பேய். தந்தியில் எந்த எழுத்துக்குமே கோடு இல்லை. திருப்பிக் கேட்டு ஒரு தந்தி கொடுக்க வேண்டும் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தங்கை அனுப்பியதுகூடப் புரியாத அண்ணன் என்று நினைப்பாயே என்று வெட்கம். நாளைக்குக் கேட்கலாம் என்று பதினாறு நாள் போயிற்று. அப்போது சமையற்கூடப் பொறுப்பாளர் அறைக்கு வந்தார்.

"லாம், உன் பரண்ல நெல்லு இருக்காமே?"

"அது என் தங்கச்சியோடதுங்க."

"நாப்பது பேருக்கு இன்னிக்குச் சோளக் கஞ்சிகூட இல்ல. தங்கச்சி திரும்பக் கேட்டாளா?"

தந்தியை எடுத்துக் காட்டினேன். "இந்தப் பேய்நெல்லைத்தான் கேட்டிருக்கா. அதை மட்டும் வச்சிருக்கச் சொல்லியிருக்கா," என்றேன்.

அதைச் சொல்லும் வரை எனக்கு எது சரியென்று தெரியாது. சொன்ன பிறகு தெரிந்துவிட்டது போல ஆகிவிட்டது. எனக்கு அவர் முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். எது எனக்குச் சுலபமோ அந்த விதமாகப் படித்தேன். அன்று மத்தியானம் அந்த அரிசியில் ஒரு கிண்ணம் நானும் சாப்பிட்டேன்.

நீ வந்து கேட்டபோது, குறியில்லாததால் வந்த பிழை என்றேன். இருபத்து நாலு வருஷமாக அப்படியே இருக்க விட்டேன். நீ அதைப் பிழையென்று நினைத்துக்கொண்டேகூட என்னை மன்னிக்கவில்லை. இதைச் சொன்னால் என்ன ஆகுமோ என்று ஒவ்வொரு புத்தாண்டுக்கும் நினைத்துவிட்டு, தண்ணீர் எந்தப் படியில் என்று மட்டும் கேட்டு எழுதுவேன்.

ஆகையால் இந்தக் காகிதத்தில் மூன்றையும் எழுதிவிட்டேன். இத்துடன் இருக்கிறது. 'பன்னிரண்டில் ஒன்பது தூர் இம்மண்ணுக்குரிய பல்லாண்டுப் பேய்நெல். அழிக்கத்தக்கதல்ல. மூன்று தூர் வயல்நெல்லோடு கலந்தவை. இவற்றையும் இவை போன்று நாக்கில் ஊதாக் கோடு உள்ள பிறவற்றையும் பள்ளத்திலிருந்து தோண்டி அகற்றினால் அண்டை வயலுக்குத் தீங்கில்லை.' அளவுகள் எல்லாம் பின்பக்கத்தில். தட்டச்சில் வராத குறிகளை நானே பேனாவால் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

தோண்டியதை எறிந்துவிடாதே. கொல்லையில் மழைத் தண்ணீர் ஜாடிகள் பழசு இருந்தால் அடியில் சேறு போட்டு வைத்துக்கொள். வைக்கப் பிடிக்காவிட்டால் உன் இஷ்டம்.

கியெட் ஒப்புக்கொள்வாரா என்று எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் அம்மாவின் காலடியில் வாய்க்கால் வெட்டியது என் கையெழுத்தாகிவிடும். அதையும் யோசித்தேன். இருந்தும் இதைத்தான் அனுப்புகிறேன்.

லாம்


பாவ் சென்
1 டிசம்பர் 2003

நாலாம் அண்ணனுக்கு,

காகிதத்தைக் கியெட்டிடம் கொடுத்தேன். பின்பக்கத்தைத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தான்.

"அத்தை, இதுல உங்களுக்கே பாதகமா எழுதியிருக்காரே?"

"அவர் அப்படித்தான்."

"ஒன்பதை மட்டும் எழுதியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். உங்க அண்ணன் உங்களுக்கு எழுதிக் கொடுத்தார்னு தூக்கி ஓரமா வச்சிருப்பேன்," என்றான்.

நோட்டீஸைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மருந்தும் இல்லை, வாய்க்காலும் இல்லை. இந்த முறை கியெட் படகை விட்டு இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஹோயும் வந்தார். நீங்கள் சொன்ன ஊதாக் கோடு உள்ளவை மொத்தம் பதினேழு தூர். எல்லாவற்றையும் தோண்டினோம். ஹோய்தான் அதிகம் தோண்டினார். "இதுதான்டி என் வயலுக்கு வந்தது, பாரு, பாரு," என்று ஒவ்வொன்றையும் காட்டினார். அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

ஜாடியில் வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இருந்த மற்ற விஷயத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

சுயென்


கன் தோ
19 ஜனவரி 2004

அன்புள்ள ஏழாம் தங்கைக்கு,

சந்திரப் புத்தாண்டு வருகிறது. ஜாடிகளில் சேறு காயாமல் பார்த்துக்கொள். வெயில் ஏறும்போது மேல் இலைகள் பழுக்கும். செத்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். தூரைக் கிள்ளிப் பார், உள்ளே வெள்ளையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது.

பதில் எழுத வேண்டுமென்று இல்லை. நீ எழுதாததில் தவறு ஒன்றுமில்லை.

தண்ணீர் இப்போது கடைசிப் படிக்கும் கீழே போயிருக்கும்.

லாம்


தந்தி
தாம் நோங், 14 ஏப்ரல் 2004

பெறுநர்: லாம், கன் தோ

லுவா மா பத்திரம். திதிக்கு வரவும். ஏழாவள்


கன் தோ
15 ஏப்ரல் 2004

அன்புள்ள ஏழாம் தங்கைக்கு,

உன் தந்தி வந்தது. தபால்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "தாத்தா, இந்தக் காலத்துல யார் தந்தி அடிக்கிறா? எவ்வளவோ வருஷமாச்சு ஒண்ணைக் கொடுத்து," என்றார். என் தங்கை என்றேன்.

பழையபடி ஒரு குறியும் இல்லை. இந்த முறையும் இரண்டு விதமாகப் படித்தேன். பேயென்றால் பள்ளத்தில் இருப்பது பத்திரம், அம்மாவென்றால் ஜாடியில் இருப்பது பத்திரம். இரண்டும் சரியாக வந்தது. இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்: நான் படித்தது சரிதானே?

சந்திரக் கணக்கில் இந்த வருஷம் இரண்டாம் மாதம் இரண்டு தடவை வந்ததால் அம்மாவின் திதி ஏப்ரல் இருபத்தாறு, திங்கட்கிழமை விழுகிறது. பஞ்சாங்கத்தில் சரிபார்த்தேன். உன் கணக்கும் அதுதானா? ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைப் பேருந்தில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் தாம் நோங் வந்துவிடலாம். அங்கிருந்து எப்படி வருவதென்று இப்போது எனக்குத் தெரியாது. யாராவது வந்து நின்றால் நல்லது. முடியாவிட்டால் கேட்டுக் கேட்டு வந்துவிடுவேன்.

பம்பளிமாஸ் நாலு கொண்டுவருகிறேன். கனமாக இருந்தால் மூன்று.

லென்ஸையும் கொண்டுவரட்டுமா என்று எழுத நினைத்தேன். வேண்டாம், கேட்கவில்லை. கொண்டுவருகிறேன்.

நாலாம் அண்ணன்
லாம்